பேர் போடாத சீட்டு

என் மருமகள் தனுஷாவுக்கும் எனக்கும் வாரத்துக்கு ஒரு தடவையாவது மளிகைச் சாமான் விஷயத்தில் முட்டிக்கொள்ளும். அவள் போனில் நாலு தட்டு தட்டினால் முக்கால் மணி நேரத்தில் வாசலில் பை வந்து இறங்கிவிடுகிறது. நானோ முட்டிவலியோடு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்கிறேன். "இன்னாத்துக்கு மாமா இந்த வெயில்ல? சொன்னா வூட்டுக்கே வந்துடப் போவுது" என்பாள். "நேர்ல போய் வாங்கினாத்தான் எனக்குத் திருப்தி" என்பேன். கிழவனுக்கு வீம்பு என்று நினைத்துக்கொள்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும். உண்மைக் காரணத்தைச் சொன்னால் அவள் எனக்குச் சோறு போடுகிற முகமே மாறிவிடும்.

அம்மாசி என்று ஒருவர் இருந்தார். அமாவாசையில் பிறந்ததால் வைத்த பேர். வடக்கனந்தலுக்கு வெளியே, காலனிப் பக்கம் வீடு. ஒரு கறுப்பு சைக்கிள், பின்னால் இரும்புக் கேரியர், இரண்டு பக்கமும் தொங்குகிற கோணிப் பைகள். வடக்கனந்தலில் தொடங்கி கோமுகி அணையைத் தாண்டி கல்வராயன் மலை ஏறுகிற இடம் வரைக்கும் பதினாலு வீடுகளுக்கு அவர்தான் மளிகை. செவ்வாயும் சனியும் காலையில் வீடு வீடாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்வார். சைக்கிளை மிதித்துக் கள்ளக்குறிச்சிக்கு எங்கள் கடைக்கு வருவார். வாங்கிக் கட்டிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் அத்தனை வீட்டு வாசலிலும் இறக்கிவிடுவார். கூலியாக அந்தந்த வீட்டில் நெல்லோ கம்போ அளந்து போடுவார்கள்.

எங்கள் கடை என்றால் பொன்னுரங்கம் மளிகை. நான் அதில் தராசு பிடித்துப் பொட்டலம் கட்டுகிறவன். பேர் அன்புச்செல்வன். இந்தப் பேரை எனக்கு வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

அம்மாசிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினாலு வீட்டுச் சாமானும் அவர் மண்டையில்தான் இருக்கும். மிதிக்கிற மிதிக்கு ஏற்றபடி வழி நெடுக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வருவார். கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினதும் மூச்சு வாங்கக்கூட நிற்கமாட்டார். நின்றால் அறுந்து போய்விடும் என்பார்.

"அம்சவள்ளி வூடு. தொவர ரெண்டு, உளுந்து ஒண்ணு, புளி பழசு அர. பழசுதான் தம்பி, புதுசு குடுத்தீன்னா அவுங்களுக்கு ஆவாது. வாத்தியார் வூடு. சக்கர ஒண்ணர, காப்பித்தூள் நூறு, பொட்டுக்கல்ல கால். ராணியம்மா வூடு..."

இப்படிப் பதினாலும் வந்து விழும். நான் காகிதத்தில் குறித்துக்கொள்வதற்குள் கை வலித்துவிடும். ஒரு தடவையாவது தப்பு வருமா என்று நடுவில் எதையாவது கேட்டுக் குழப்பிப் பார்ப்பேன். "கொயப்பாத தம்பி" என்று சிரிப்பாரே தவிர ஒரு சாமான் தவறினதில்லை. அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் கடையில் எல்லோருக்கும் அவர் வெறும் அம்மாசிதான். 'வா', 'போ', 'நில்லு'. நானும் அப்படித்தான். இப்போது எழுதும்போது 'அவர்' என்று போட்டுக்கொள்கிறேன்.

மளிகைக் கடையில் அந்தக் காலத்தில் இரண்டு விதமான சரக்கு உண்டு. தனுஷாவுக்கு இது தெரியாது. பஸ் ஏறி நேரில் வருகிற பொம்பளைகளிடம் முதலாளியின் பாச்சா பலிக்காது. துவரம்பருப்பை எடுத்துக் கடித்துப் பார்ப்பார்கள். புளியை அமுக்கிப் பார்ப்பார்கள். மல்லியை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்துவிட்டு, "இது போன வருசத்து மல்லிதானே?" என்று நாலு பேர் நடுவில் கேட்டு மானத்தை வாங்குவார்கள். எல்லாம் கட்டி முடித்த பிறகு கையை நீட்டிக் கொசுறு கேட்பார்கள். ஒரு பிடி பொட்டுக்கடலையோ ஒரு துண்டு வெல்லமோ கொடுத்தால்தான் நகர்வார்கள். சீட்டுக் கொடுத்தனுப்புகிற வீடுகளுக்கு இதெல்லாம் கிடையாது. அவர்களுக்கென்று மூட்டையின் அடியில் தங்கினது, வண்டு விழுந்து சலித்தது என்று தனியாக ஒதுக்கி வைத்திருப்போம். 'சீட்டுச் சரக்கு' என்றே அதற்குப் பேர். பார்க்கிற கண் இல்லாத இடத்தில் எதைப் போட்டால் என்ன என்பது முதலாளியின் கட்சி.

அம்மாசியிடம் அது நடக்கவில்லை. அவர் பதினாலு பொம்பளைகளின் பல்லையும் மூக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தவர் மாதிரி எதிரில் நிற்பார். பருப்பைக் கடிப்பார். புளியை அமுக்குவார். "இது வாணாம், அந்த மூட்டையில போடு" என்பார். கடைசியில் பதினாலு வீட்டுக்கும் கொசுறு கேட்பார். தனக்கு ஒன்றும் கேட்டதில்லை. "அவுங்க நேர்ல வந்திருந்தா குடுத்திருப்பீல்ல? நான் வந்தா அவுங்க வந்தாப்பலதான்" என்பார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவார். அவர் போன பிறகு, "இவன் ஒருத்தன் ஒயிஞ்சா நமக்கு நிம்மதி" என்று என்னிடம் சொல்லுவார். நானும் ஆமாம் போடுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கடையில் 'மருந்து' என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிக்கு இடித்துக் கொடுக்கிற சரக்கு. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், கடுகு, விரலி மஞ்சள், பெருங்காயம், வால்மிளகு, சதகுப்பை என்று பதினோரு சரக்கு. "மருந்து ஒண்ணு" என்று சொன்னால் போதும், பதினொன்றும் அளவோடு பொட்டலமாகிவிடும். வயலில் இருக்கிறவனிடம் போய் மருந்து என்றால் அவன் பூச்சிக்கு அடிக்கிறதை எடுத்துக் கொடுப்பான். மலை மேலே நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்கு மருந்து என்றால் குழலில் போட்டுக் கெட்டிக்கிற கரிமருந்து. ஒரே சொல்தான். யார் காதில் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

எண்பத்தேழாம் வருஷம், ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கிற சமயத்தில், இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. கேட்டது எங்கள் ஜனம். கேட்டது நியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அது வேறு விஷயம். முதல் நாள் நான் மணலூர்பேட்டைப் பக்கம் என் ஊரில் இருந்தேன். ரோட்டோரத்துப் புளிய மரத்தை அறுத்துச் சாய்த்தார்கள். ரம்பத்தின் ஒரு பக்கப் பிடி என் கையில் இருந்தது. மரம் விழுந்தபோது எல்லோரும் கத்தினோம். மூன்றாம் நாள் ஊருக்குள் போலீஸ் வேன் வந்து, கையில் அகப்பட்டவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. நான் கரும்புக் கொல்லை வழியாக நழுவி, கிடைத்த சைக்கிளில் சந்து பொந்தாகப் புகுந்து கள்ளக்குறிச்சி வந்து, கடைக் கிடங்கில் ஒண்டிக்கொண்டேன்.

கடையின் முன்கதவு சாத்தித்தான் இருந்தது. தெரிந்த முகமாக இருந்தால் முதலாளி பின்கதவைத் திறப்பார்.

நாலாம் நாள் காலை பத்து மணி சுமாருக்குப் பின்கதவு தட்டப்பட்டது. திறந்தால் அம்மாசி. முழங்காலில் சிராய்ப்பு, சட்டையெல்லாம் இலையும் சருகும். வழியில் ஏழு இடத்தில் மரம் கிடந்ததாம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி வந்திருக்கிறார்.

"இந்த நாள்ல உனுக்கு இன்னா அவசரம்? ஒரு வாரம் உப்பில்லாம தின்னா செத்தா பூடுவாங்க?" என்றேன்.

"மத்தவங்களுது கெடக்குது தம்பி. ராணியம்மா மருமவ கண்ணகிக்கு நேத்து புள்ள பொறந்துச்சு. ஆம்பளப் புள்ள. மருந்து வாங்கியாரச் சொன்னாங்க. ராணியம்மாவுக்கும் கை ஒடிஞ்சு கட்டு போட்டுக்கினு கீது. வூட்ல இடிக்க ஆளில்ல. நீயே இடிச்சுக் குடுத்துடு."

இடித்துக் கொடுப்பது எங்கள் வேலையில்லை. ஆனால் வியாபாரமில்லாமல் சும்மாதானே உட்கார்ந்திருந்தேன். பதினோரு சரக்கையும் கல்லுரலில் போட்டு இடித்தேன். மிளகு நெடியில் எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. சலித்து, பழைய தினத்தாளில் மடித்து, நூல் சுற்றிக் கொடுத்தேன். கறுத்த பழுப்பு நிறத்தில் முக்கால் கிலோ பொடி. அதோடு மற்ற வீடுகளுக்கும் அரிசி, பருப்பு என்று முடிந்ததைக் கட்டிக்கொண்டார். போகும்போது, "பொறந்த புள்ளைக்குக் கொசுறு?" என்று கேட்டுச் சிரித்தார். ஒரு துண்டு கற்கண்டு கொடுத்தேன். அதைத் துண்டு முனையில் முடிந்துகொண்டார்.

அப்புறம் நடந்ததை நான் பிற்பாடு பல வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பாதி வழியில் ஒரு வேப்பமரம் விழுந்து கிடந்தது. பக்கத்தில் இருபது முப்பது பேர் கையில் கழியோடு நின்றிருந்தார்கள். "சாக்குல இன்னாய்யா?" என்று மறித்தார்கள். "பச்ச ஒடம்புக்காரிக்கு மருந்துங்க" என்றார் அம்மாசி. அவ்வளவுதான். நாலு பேர் சேர்ந்து சைக்கிளைச் சாமானோடு தூக்கி அந்தப் பக்கம் இறக்கி வைத்தார்கள். ஒருவர் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தாராம்.

அடுத்த இரண்டு மைலில் போலீஸ் நின்றது. எல்லாம் வெளி மாவட்டத்திலிருந்து கொண்டுவந்து இறக்கின ஆட்கள். நாலு நாளாகத் தூக்கம் இல்லாதவர்கள்.

"சாக்குல என்னடா?"

"மருந்துங்க."

"எங்க கொண்டு போற?"

"மலைப்பக்கம்ங்க."

மருந்து, மலை. அந்த இரண்டு சொல்லும் சேர்ந்து அவர்கள் காதில் என்னவாக விழுந்திருக்கும் என்று யோசிக்க அம்மாசிக்குத் தோன்றவில்லை. சுக்கு, மிளகு என்று சொல்லியிருக்கலாம். இருபது வருஷமாகச் சொன்ன சொல், போன மரத்தடியில் வழிவிட்ட சொல். அதைத்தான் சொன்னார். ஒரு கான்ஸ்டபிள் பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்து இழுத்துப் பிரித்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். தும்மல் வந்தது. தும்மின வேகத்தில் முக்கால் கிலோவும் கிளம்பி அவன் கண்ணிலும் பக்கத்தில் குனிந்திருந்த எஸ்.ஐ. கண்ணிலும் அடித்தது. அதற்கு மேல் அங்கே யாரும் எதையும் மோந்து பார்க்கவில்லை. போலீஸ்காரர்கள் கண்ணில் மிளகுப் பொடி தூவினான் என்று ஆகிவிட்டது. கண் தெரியாத ஆத்திரத்தில் அடித்த அடி. அடித்துக் கள்ளக்குறிச்சி ஸ்டேஷனில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

அவர் எங்கள் ஜனமும் இல்லை. கேட்ட ஒதுக்கீட்டில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை. மரத்தை அறுத்தவன் நான். கிடங்கில் அரிசி மூட்டைக்கு நடுவில் பத்திரமாகப் படுத்திருந்தேன்.

மறுநாள் காலையில் ஒரு ஏட்டு கடைக்கு வந்தார். வயசானவர், நல்ல மாதிரி என்றுதான் குரலிலிருந்து தெரிந்தது. நான் கிடங்கில் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தேன். எனக்கும் அவருக்கும் நடுவில் பத்தடி தூரம், ஒரு கோணிப் படுதா.

"அம்மாசின்னு ஒருத்தன் உங்க கடை ஆளா?"

"எங்க கடைக்கு ஆள் யாரும் வெளியே போறதில்லீங்களே" என்றார் முதலாளி.

"உங்க கடையிலதான் அந்தப் பொடிய இடிச்சதுன்றான். பிள்ளை பெத்தவளுக்கு மருந்துன்றான்."

"கடையே நாலு நாளா சாத்திக் கெடக்குதுங்க. நீங்களே பாக்கறீங்களே."

"அன்புன்னு ஒருத்தர் இடிச்சுக் கொடுத்தாராமே?"

முதலாளி படுதாப் பக்கம் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"அவன் ஊருக்குப் போயிட்டான்" என்றார்.

ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "அவர் வந்து, நான்தான் இடிச்சேன், இன்ன இன்ன சரக்குன்னு நேர்ல எழுதிக் கொடுத்தா விட்டுடச் சொல்லலாம். இல்லேன்னா அவன் பாடு கஷ்டம். எஸ்.ஐ. கண்ணு இன்னும் வீங்கித்தான் கெடக்கு, அவரு விடமாட்டாரு. வந்தா அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்தடி. படுதாவை ஒதுக்கி, "நான்தாங்க அன்பு" என்று சொல்லியிருக்க வேண்டும். மூட்டைக்கு இன்னும் பின்னால் தள்ளி உட்கார்ந்தேன். நான் போனால் ஊர் எது என்று கேட்பார்கள். மணலூர்பேட்டைப் பக்கம் என்றால் ஜாதியைக் கேட்பார்கள். ரம்பம் பிடித்தவர்களின் பேரை எவனாவது அடி தாங்காமல் சொல்லியிருப்பான். பொடி இடித்தவன் என்று நானும் உள்ளே போவேன். இதையெல்லாம் அந்தப் பத்தடிக்குள் யோசித்தேன். பயம். வேறு பேர் வைத்துப் பிரயோஜனமில்லை. எனக்குப் பயம்.

முதலாளி உள்ளே வந்து, "வாயத் தொறந்து கெட்டுக்காத. ரெண்டு நாள்ல அவனுங்களே வுட்டுடுவானுங்க" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. மத்தியானம் ஒரு காரியம் செய்தேன். பொட்டலக் காகிதத்தில் ஒரு சீட்டு எழுதினேன். 'அம்மாசி நல்லவர். அவர் கொண்டுபோனது பிள்ளை பெற்றவளுக்கான மருந்துப் பொடி. கீழ்க்கண்ட பதினோரு சரக்கு.' வரிசையாகப் பதினொன்றையும் எழுதினேன். அடியில் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'இப்படிக்கு, தெரிந்தவன்' என்று போட்டேன். ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோகிற டேவிட்டிடம் கொடுத்து, ஏட்டையாவிடம் கொடுத்துவிடச் சொன்னேன். சாயங்காலம் அவன் வந்து, "குடுத்துட்டேன்" என்றான்.

"இன்னா சொன்னாரு?"

"பேர் இல்லியேன்னாரு. மடிச்சு மேஜைக்கடியில போட்டுட்டாரு."

பேர் இல்லாத சீட்டுக்கு நாங்களே கடையில் சாமான் கட்டமாட்டோம். யார் வீட்டுச் சீட்டு என்று தெரியாவிட்டால் ஆணியில் குத்தி வைத்துவிடுவோம். அது தெரிந்தும் அப்படி எழுதினவன் நான். செய்த மாதிரியும் இருக்க வேண்டும், அகப்பட்டுக்கொள்ளவும் கூடாது. இப்போது இதை எழுதுகிறதும் அந்த ரகம்தான். தனுஷாவை உட்காரவைத்து நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறியல் முடிந்தது. மரங்களை இழுத்துப் போட்டார்கள். பஸ் ஓடியது. கடையின் முன்கதவைத் திறந்தோம். அம்மாசியை விடவில்லை. பேப்பரில் எந்தக் கேஸும் இல்லை, சும்மா உள்ளே வைத்திருந்தார்கள். மருந்து போய்ச் சேராததைப் பார்த்து ராணியம்மாள் அம்மாசியின் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். அங்கே அவர் சம்சாரம் செல்லியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

பிடித்துக்கொண்டு போன ஒன்பதாம் நாள் காலை. கடையில் நல்ல கூட்டம். ஒரு அம்மா வந்து நின்றார். கழுத்திலிருந்து தொங்குகிற துணியில் மாட்டிய ஒடிந்த கை. பின்னால், வெளுத்துப்போன முகத்தோடு காதைத் துணியால் சுற்றிக் கட்டின ஒரு பெண். மார்போடு ஒரு பச்சைக் குழந்தை.

"பொன்னுரங்கம் கடை இதானா?" என்று அந்த அம்மா கேட்டார். "நான் ராணியம்மா. இருவது வருசமா இந்தக் கடைச் சாமான்தான் தின்னுறோம். கடைய இன்னிக்கித்தான் பாக்கறேன்."

முதலாளி எழுந்து கும்பிட்டார். "வாங்கம்மா. இன்னா வேணும்?"

"சாமான் ஒண்ணும் வாணாம். சாமான் கொண்டாந்த ஆள எங்க?"

முதலாளி கல்லாப் பெட்டியைத் திறந்து மூடினார். நான் தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா யார் முகத்தையும் அதிக நேரம் பார்க்கவில்லை. ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். மல்லி வாங்க வந்த ஒரு கிழவிதான் வழி சொன்னாள். பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆன பெண்ணும், கை ஒடிந்த மாமியாரும் அந்த வெயிலில் நடந்து போனார்கள். என்னைத் தாண்டித்தான் போனார்கள்.

ஸ்டேஷனில் அந்த அம்மா அதிகம் பேசவில்லையாம். ஒடிந்த கையைக் காட்டினார். மருமகளை முன்னால் நிறுத்தினார். "இதோ பெத்தவ, இதோ புள்ள, இடிக்க முடியாத கை இது. எங்க வூட்டுக்குத்தான் அந்த மருந்து. கேஸு போடறதுன்னா என் மேல போடு" என்றிருக்கிறார். கண்ணகி நிற்க முடியாமல் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போன கண்ணகி ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்து பிழைத்தாள். ஏட்டு வந்த அன்றே நான் போயிருந்தால் பிடித்த மறுநாளே முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

அடுத்த மாதம் அம்மாசி திரும்பவும் சைக்கிளில் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். இடது காது கேட்கவில்லை. அடித்த அடி அந்தப் பக்கம்தான் விழுந்திருக்கிறது. வாசலில் நின்று ஆரம்பித்தார்.

"அம்சவள்ளி வூடு. தொவர ரெண்டு... உளுந்து..."

நின்றுவிட்டார். வாய் அசைந்தது, சொல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றது. தெருவைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். அன்றைக்கு நானே ஊகித்து, வழக்கமாகப் போகிறதையெல்லாம் கட்டிக் கொடுத்தேன். வாத்தியார் வீட்டுக்குப் போக வேண்டியது அம்சவள்ளி வீட்டுக்குப் போனது. புதுப் புளி, பழம் புளி எல்லாம் மாறிப்போயிற்று. பருப்பைக் கடித்துப் பார்க்கவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. முதலாளி சீட்டுச் சரக்கை எடுத்துப் போடச் சொன்னார். நான் போட்டேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். நான் போட்டேன்.

பாவம் பார்த்து நாலைந்து வாரம் பொறுத்தார்கள். அப்புறம் ஒவ்வொரு வீடாகப் பொம்பளைகளே பஸ் ஏறிக் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். மல்லியை மோந்து பார்த்தார்கள், கொசுறு கேட்டார்கள். தை மாதத்துக்குள் பதினாலு வீட்டில் ஒன்றுகூட அவரிடம் மிச்சமில்லை. அம்மாசி கரும்பு வெட்டப் போவதாகச் சொன்னார்கள். வெட்டின கழிகளைக் கட்டாக எண்ண முடியவில்லை என்று அங்கேயும் நிறுத்திவிட்டார்களாம்.

அதற்கப்புறம் அவர் கடைக்கு வந்தது ஒரே தடவை. மறு வருஷம் ஆனி மாதம். வெயில் தாழ்ந்த நேரம், கடையில் வேறு யாரும் இல்லை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வாங்க வருகிறவர்கள் நிற்கிற பக்கத்தில், அதுவரை அவர் நின்றிராத இடத்தில், வந்து நின்றார். கையில் ஒரு சீட்டு. மடித்து மடித்து வியர்வையில் நனைந்திருந்தது.

"எம் பொண்ணு ஜெயசுதாவுக்குப் புள்ள பொறந்துகீது தம்பி. அவளே எயுதிக் குடுத்தா. எனுக்கு இப்ப தலையில நிக்கறதில்ல."

பிரித்துப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் 'அம்மாசி, வடக்கனந்தல்' என்று பேர் போட்டிருந்தது. கீழே சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி என்று ஒவ்வொன்றாகப் பதினொன்று. ஒரே சொல்லில் எழுதக்கூடியதைப் பதினோரு வரியில் எழுதியிருந்தாள்.

"மருந்துதானே? இடிச்சே குடுத்துடட்டா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அவர் தோள் இரண்டும் ஒடுங்கிக்கொண்டது. திரும்பித் தெருவைப் பார்த்தார்.

"அந்தப் பேர் வாணாம் தம்பி. இடிக்கவும் வாணாம். தனித்தனியா கட்டு. ஒவ்வொண்ணு மேலயும் இன்னாதுன்னு எயுதிடு. யாராச்சும் கேட்டா காட்டிடுவேன்."

தனித்தனியாகக் கட்டினேன். பதினோரு பொட்டலத்திலும் பேர் எழுதினேன். கேட்காமலே ஒரு துண்டு கற்கண்டை எடுத்து வைத்தேன். அவர் அதை எடுத்துத் துண்டு முனையில் முடிந்துகொண்டு, கேட்கிற காதை என் பக்கம் திருப்பி நின்றார்.

"அங்க உள்ள இருக்கசொல்ல ஒண்ணேதான் சொல்லிக்கினு இருந்தேன் தம்பி. எங்க அன்புத் தம்பிதான் இடிச்சது, அது வந்து சொல்லும், அது வந்து சொல்லும்னு. மத்ததெல்லாம் மறந்துபோச்சு, அது மட்டும் ஞாபகம் கீது. அப்புறம் ஏட்டையா சொன்னாரு, நீ ஊர்ல இல்லேன்னு. அதான் வரல. இருந்திருந்தா வந்திருப்ப இல்ல?"

என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

"ஆமாண்ணே" என்றேன். "ஊருக்குப் போயிருந்தேன்."